ஐந்தாம் கல் பார்த்த திசை

சந்தேகப்படுவதுதான் லிஜியின் வேலை. ராஸ் அல் கைமாவில் ஒரு சர்வே கம்பெனியில் பதினோரு வருஷமாக வரைபடங்களைச் சரிபார்க்கிறாள். சைட்டிலிருந்து சர்வேயர்கள் அளந்து கொண்டுவரும் புள்ளிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் படம் வெளியே போகும். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. கணவன் எபின் மீன் வாங்கிவந்தால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பையைக் கீழே வைக்க மாட்டாள். முட்டம் கடற்கரையில் பிறந்தவளிடம் யாரும் பழைய மீனை விற்றுவிட முடியாது என்பது எபினுக்கும் தெரியும். அவன் சிரித்துக்கொண்டே நிற்பான்.

அந்த அக்டோபரில் அவள் மேசைக்கு வந்தது ஏழு கற்களின் படம். நகரத்திலிருந்து மலைக்குள்ளே நாற்பது நிமிஷம் போனால் காய்ந்த வாதி ஒன்று வரும். மழை பெய்கிற இரண்டு மூன்று நாள் தவிர வருஷம் முழுக்கக் கூழாங்கல்லும் வேலமரமுமாகக் கிடக்கிற ஆற்றுப் பள்ளம். அதன் கரையில் யாரோ, எந்தக் காலத்திலோ, ஏழு கற்களை நட்டுவைத்திருந்தார்கள். நான்காயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த கற்கள். ஆறு கற்களின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். ஐந்தாவது கல்லுக்கு மட்டும் தலையில் ஒரு பள்ளம், துப்பாக்கியின் குறிபார்க்கும் வெட்டைப்போல.

அந்தப் பள்ளத்தால்தான் இவ்வளவு ஆரவாரமும். வருஷத்திலேயே பகல் குறைந்த நாளில், டிசம்பர் இருபத்தொன்று, இருபத்திரண்டில், கல்லுக்குப் பின்னால் நின்று பார்த்தால் மலைமேல் எழும் சூரியன் சரியாகப் பள்ளத்துக்குள் வந்து உட்காருகிறது என்று டாக்டர் அனந்தகிருஷ்ணன் கண்டுபிடித்திருந்தார். ஷார்ஜாவில் வானியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுலாக் கம்பெனி பக்கத்திலேயே கூடாரங்கள் போட்டுக்கொண்டிருந்தது. டிசம்பர் இருபத்திரண்டு காலையில் விருந்தினர்களை நிறுத்திச் சூரியனைக் காட்டித் திறப்புவிழா. அதற்கு முன்னால் கற்களை லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்து படம் தரவேண்டியது லிஜியின் கம்பெனி.

அளவு வந்தது. லிஜி வழக்கம்போல அந்த இடத்தின் பழைய சர்வே ஏதும் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. 2017இல் தண்ணீர்க் குழாய் போடுவதற்காக அவர்கள் கம்பெனியே அந்த வாதியை அளந்திருந்தது. பழைய படத்தின்மேல் புதியதை வைத்தாள். ஆறு கற்கள் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஐந்தாவது கல் விழவில்லை. நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் தள்ளி, முப்பத்தொரு பாகை திரும்பி நின்றது.

மூன்று தரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கல் அதே இடத்தில்தான் முறைத்துக்கொண்டு நின்றது.

முதல் சந்தேகம் பழைய சர்வேமேல். அதை அளந்த யேசுராஜ் அண்ணன் இப்போது தம்மாமில் இருந்தார். குளச்சல்காரர், லிஜிக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள்.

"அண்ணே, 2017ல வாதியில ஏழு கல்லு அளந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? கொடும் வெயிலு. என்ன காரியம்?"

"அஞ்சாவது கல்லு மட்டும் இப்ப உள்ள அளவோட ஒக்கல. அந்தக் கல்லுக்க மூலை எடுக்கும்போ ஏதாவது பிழை வந்திருக்குமா?"

 "எனக்க பாயிண்டுல பிழையா? எட்டி லிஜி, ஆறு கல்லு ஒக்குமாம், ஒரு கல்லுக்கு மட்டும் எனக்க கண்ணு அவிஞ்சு போச்சாக்கும்?"

"கோவப்படாதீங்க அண்ணே. கேக்கணும்லா."

"கேளு, கேளு. நீ கேக்காட்டாத்தான் அதிசயம்." அவர் குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்லுதேன். அந்தக் கல்லுக்க மண்டையில ஒரு வெட்டு உண்டுல்லா? அதுக்குள்ளோடி பாத்தா எதிர்மலையில நிக்க மொபைல் டவர் நேரா தெரியும். வேடிக்கையா இருக்குன்னு படம் பிடிச்சு ஃபேஸ்புக்குல போட்டேன். கிடக்கும், தேடி அனுப்புதேன்."

சாயங்காலத்துக்குள் படம் வந்தது. 2017 மார்ச் தேதி. கல்லின் பள்ளத்துக்கு நடுவே, பல் குத்தும் குச்சியைப்போல டவர் நின்றது. லிஜி வரைபடத்தில் டவரைத் தேடி எடுத்தாள். அது இருந்தது வடமேற்கில். அந்தக் கோட்டை மறுபக்கம் நீட்டினாலும் சூரியன் எழும் இடத்துக்கு முப்பத்தொரு பாகை தள்ளித்தான் போனது.

ஆக, யாரோ கல்லைத் திருப்பியிருக்கிறார்கள். திருப்பியது சும்மா இல்லை, சூரியனுக்கு நேராக. தற்செயலாக அப்படி நடக்குமா? கற்களை வைத்து யாருக்குப் பெயர் கிடைத்ததோ அவரைத்தான் லிஜியின் மனம் முதலில் பிடித்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர். வாழ்நாளில் ஒரு பெரிய கண்டுபிடிப்பும் இல்லாமல் வீட்டுக்குப் போனவர். கடைசியில் ஒரு கல் அவருக்குக் கைகொடுக்கிறது. நாலு ஆளை வைத்து ஒரு கல்லைத் திருப்புவது அத்தனை கஷ்டமா?

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு மேலாளர் ஜெய்னுலாப்தீனின் அறைக்குப் போனாள். கீழக்கரைக்காரர். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் பார்த்தார்.

"லிஜிம்மா, நம்மகிட்ட கேட்டது புதுப் படம்தானே? பழசை யாரு கேட்டா?"

"கேக்கல சார். ஆனா ஒரு கல்லு நகந்திருக்கு."

"நகந்தா நகந்துட்டுப் போகுது. நாம அளக்குறவுக. இன்னைக்கு எங்க நிக்கிதோ அதைக் கொடு. பழைய லேயரை எடுத்துரு. கலாஸ், முடிஞ்சது."

மறுநாள் காலையில் சர்வரில் 2017 ஃபைலைத் திறக்கப் போனாள். அந்த ஃபோல்டரே காணோம். ஜெய்னுலாப்தீனிடம் கேட்டதற்கு, "அது தண்ணி டிபார்ட்மெண்ட் வேலை. ரகசியம். வேற இடத்துக்கு மாத்தச் சொன்னேன்," என்றார். ஏழு வருஷமாக ரகசியமில்லாதது ஒரே ராத்திரியில் எப்படி ரகசியமானது? லிஜி கேட்கவில்லை. அவளிடம் ஒரு நகல் முந்தின நாளே பத்திரமாகியிருந்தது. ஆனால் அன்றிலிருந்து தன் திரையை வாசலுக்கு முதுகு காட்டும்படி திருப்பிவைத்துக்கொண்டாள். ஜெய்னுலாப்தீன் அந்தப் பக்கம் வந்தால் வேறு படத்தைத் திறந்துகொள்வாள்.

அடுத்த வாரம் சில புள்ளிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி சைட்டுக்குக் கிளம்பினாள். கூடாரங்கள் போடுகிற காண்ட்ராக்டர் பிக்கப் அனுப்பினார். ஓட்டிவந்தவர் வீரபாண்டி. கமுதிப் பக்கத்து ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர், வாதிக்குள் இறங்கியதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். வண்டியைக் கற்களுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் தூரத்தில் வேலமரத்தடியில் நிறுத்தினார். லிஜி அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அனந்தகிருஷ்ணன் முன்னதாகவே வந்து ஒரு மடக்கு நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு கல்லாகக் கூட்டிப்போய்ப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதுபோல் காட்டினார். லிஜி காபியைக் குடித்துக்கொண்டே அவர் காட்டாததைப் பார்த்தாள்.

ஆறு கற்களுக்கும் ஒரு பக்கம் வழவழப்பாக, கையால் தேய்த்த பாறைபோல இருந்தது. அது வடமேற்குப் பக்கம். குளிர்காலத்திலும் கோடையிலும் மணலை அள்ளிக்கொண்டு வீசுகிற ஷமால் காற்று அந்தத் திசையிலிருந்துதான் வரும். எத்தனையோ ஆயிரம் வருஷமாகக் காற்று அந்தப் பக்கத்தை மட்டும் இழைத்திருந்தது. மறுபக்கம் சொரசொரப்பு. ஐந்தாவது கல்லில் அவள் கையை வைத்துப் பார்த்தாள். வழவழப்பான பக்கம் தென்கிழக்கைப் பார்த்து நின்றது. காற்றே வராத பக்கம். திரும்பியது முப்பத்தொரு பாகை மட்டுமல்ல, முன்பின்னாகவே திருப்பியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. படத்தில் வெறும் செவ்வகமாகத் தெரிகிற கல்லுக்கு முன் எது, பின் எது?

"சார், நீங்க இங்க முதல்ல எப்ப வந்தீங்க?"

"2022 மார்ச். ஏன்?"

"அதுக்கு முன்னாடி வந்ததே இல்லையா?"

"இல்லையே."

"இந்தக் கல்லு மட்டும் ஏன் சார் காத்துக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது?"

அவர் கல்லைப் பார்த்தார். பிறகு மற்றக் கற்களைப் பார்த்தார். "வேற இடத்துல கிடந்த பாறைய எடுத்துவந்து நட்டிருக்கலாம். கிடந்த இடத்துலயே தேய்ஞ்சிருக்கலாம்."

"அப்படின்னா நாலாயிரம் வருஷமா இங்க நின்னப்ப அந்தப் பக்கமும் தேய்ஞ்சிருக்கணுமே. சார், உங்க அறிக்கை படிச்சேன். நாலாயிரம் வருஷம் முன்னாடி சூரியன் இன்னைக்கு வர்ற இடத்துல வராது, கொஞ்சம் தெக்க தள்ளி வரும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சூரியனோட அகலத்தைவிட அது கொஞ்சம் கூட. ஆனா பள்ளம் பொருந்துறது இன்னைக்குச் சூரியனுக்கு. அந்த வித்தியாசத்தை அடிக்குறிப்புல போட்டு, அளவுல வர்ற பிழைன்னு முடிச்சிட்டீங்க."

 அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"யாரு சார் இந்தக் கல்லைத் திருப்பி வெச்சது?" கேட்டபிறகுதான் தன் குரல் எப்படி ஒலித்தது என்று லிஜிக்கே தெரிந்தது.

அவர் எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "நான் திருப்பினேன்னு சொல்றீங்களா? எனக்கு எழுபத்தோரு வயசு. நாற்பது வருஷம் பசங்களுக்கு நேர்மையா அளக்கச் சொல்லிக்கொடுத்திருக்கேன். நீங்க போகலாம்." தன் நாற்காலியைத் தானே மடக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார். கூழாங்கற்களில் கால் தடுக்கியது. லிஜி தாங்கப் போனாள். அவர் கையை உதறினார்.

பிக்கப் திரும்பியது. பெரிய ரோட்டில் ஏறியதும் வீரபாண்டி தொண்டையைச் செருமினார்.

"அக்கா, அந்தப் பழைய படத்துல அம்புட்டும் தெரியுமா? கல்லு முன்னாடி எங்கிட்டுப் பாத்து நின்டுச்சுங்கிறது வரைக்கும்?"

லிஜி சட்டென்று திரும்பினாள். பழைய படம் என்ற ஒன்று இருப்பதாக அவள் இந்த ஆளிடம் சொல்லவே இல்லை. பேராசிரியரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பழைய படம் இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"இல்ல, ஆபீஸ்ல எல்லாத்துக்கும் படம் இருக்கும்ல. சும்மா கேட்டேங்க்கா."  ரேடியோவைப் போட்டு, வீடு வரும்வரை சத்தமாக ஓடவிட்டார்.

2017இல் அளந்த குழாயை 2021இல்தான் போட்டார்கள். அன்று மாலையே அந்த வேலையின் தினசரி அறிக்கைகளைத் தேடி எடுத்தாள். குழாய் போட்டது இப்போது கூடாரம் போடுகிற அதே காண்ட்ராக்டர்; குழாய் போகும் தடத்தைக் குறித்துக் கொடுத்தது லிஜியின் கம்பெனி. அப்போதுதான் ஜெய்னுலாப்தீன் ஏன் பயந்தார் என்பது கொஞ்சம் விளங்கியது. குழாய்ப் பள்ளம் கற்களிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போயிருந்தது. டிசம்பர் பத்தொன்பது முதல் இருபத்து நான்கு வரை அந்தப் பகுதியில் வேலை. கிறிஸ்துமஸ் லீவில் இஞ்சினியர் இல்லை, சர்வேயர் இல்லை, லிஜியும் அந்த வருஷம் முட்டத்தில் இருந்தாள். ஒரு ஃபோர்மேன், நாலு ஆட்கள், ஒரு ஜேசிபி. ஆபரேட்டர் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் வீரபாண்டி என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை வீரபாண்டியை அவர் தங்கியிருந்த கேம்புக்குப் பக்கத்துக் கஃபடீரியாவுக்கு வரச் சொன்னாள். எபினும் கூட வந்து அடுத்த மேசையில் உட்கார்ந்துகொண்டான். வீரபாண்டி அயர்ன் செய்த சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ நேர்முகத்துக்கு வந்தவரைப்போல் வந்தார். கரக் சாய் வந்தது. லிஜி தினசரி அறிக்கையின் தாளை மேசையில் வைத்தாள்.

அவர் அதைப் படிக்கவில்லை. "தெரிஞ்சுபோச்சாக்கா?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் ஃபோர்மேன் டீசல் வாங்கப் போயிருந்தார். மற்றவர்கள் குழாய் இறக்கப் போய்விட்டார்கள். வீரபாண்டி மட்டும் மண் கொட்டிவிட்டு ஜேசிபியைத் திருப்பினார். வாதியில் இடமில்லை. பின்பக்கத்துப் பக்கெட் லேசாகத்தான் பட்டது. கல் அப்படியே மல்லாந்து விழுந்துவிட்டது.

"உசுரே போயிருச்சுக்கா. பழைய காலத்துக் கல்லுன்னு போர்டு வெச்சுருந்தாக. தொட்டா ஜெயிலுன்னு ஃபோர்மேன் சொல்லிருந்தாரு. அன்னைக்குப் பூராம் தூக்கம் இல்ல. மறுநா விடியக்காலம் யாரும் வர்றதுக்கு முன்னாடி நா மட்டும் போனேன். பெல்ட்டு போட்டுத் தூக்குனா, நின்ட குழி சரிஞ்சு கெடக்கு. அதுல நிக்கல. ஒட்டுனாப்புல வேற குழி தோண்டி எறக்குனேன்."

"எந்தப் பக்கம் பாத்து நின்னதுன்னு ஞாபகம் இல்லையா?"

"விழுகுறதுக்கு முன்னாடி யாருக்கா அதைக் கவனிச்சா? ஒரு பக்கம் வழவழன்னு மூஞ்சி மாதிரி இருந்துச்சு. எங்க ஊருல கல்லு நட்டா மூஞ்சிய கெழக்க பாத்துத்தேன் வெப்போம். பொழுது அப்பத்தான் மலைக்கு மேல வருது. கல்லுக்குப் பின்னாடி நின்டு அந்தப் பள்ளத்து வழியாப் பாத்தேன். கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் திருப்பி, சூரியன் அதுக்குள்ள வந்து உக்காந்ததும் மண்ணைத் தள்ளி மூடிட்டேன்." அவர் டீயைத் தொடவே இல்லை. "கும்புட்டுட்டும் வந்தேன். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கன்னு."

லிஜிக்கு அந்தக் காட்சி கண்ணில் நின்றது. பேராசிரியர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பள்ளத்தை மார்கழிச் சூரியனுக்கு நேராக ஒரு மனிதன் பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருந்தான். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் அல்ல, மூன்று வருஷத்துக்கு முன்னால்.

"ரெண்டு பொம்பளப் புள்ளைகக்கா," என்று அழுதுவிட்டார் வீரபாண்டி. "பெரியவ விஜி நர்சிங் கடைசி வருசம். பேரைச் சொல்லிறாதீக."

அவள் வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அவர் போனபிறகு எபினிடம், "இந்த ஆளு சொன்னது முழுசும் உண்மைதானா? ஃபோர்மேனுக்கும் தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டாள். எபின் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஒரு மனுசன் அழுததுகூட ஒனக்குப் பொருத்திப் பாக்கணுமாக்கும்?" என்றான். 

ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவில் அனந்தகிருஷ்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். லிஜி முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு பழைய படம், டவர் தெரிகிற புகைப்படம், கல் எப்போது விழுந்தது, எப்படி நின்றது எல்லாம் சொன்னாள். பெயரை மட்டும் சொல்லவில்லை.

அவர் டவர் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அந்த அடிக்குறிப்பு," என்றார். "நீங்க அதைக் கண்டுபிடிச்சப்ப எனக்கு வந்த கோபம் உங்க மேல இல்லம்மா. கணக்குப் பொருந்தலேன்னு எனக்கு அப்பவே தெரியும். மூணு நாள் அதைப் பாத்துண்டிருந்தேன். கரடுமுரடான கல்லு, அவ்வளவு நுணுக்கமா அளக்க முடியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது உண்மையும்கூட. ஆனா அதுக்காக மட்டும் சொல்லல. எனக்கு அது பொருந்தணும்னு இருந்தது."

அன்றே அவர் தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதினார். ஐந்தாம் கல் அண்மைக் காலத்தில் விழுந்து திரும்ப நடப்பட்டது, சூரிய உதயம் பற்றிய தன் முடிவை விலக்கிக்கொள்கிறேன் என்று இரண்டே பத்தி. லிஜியின் படங்களை இணைத்தார். அவள் அனுமதி கொடுத்தாள்.

ஜெய்னுலாப்தீன் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். கம்பெனி ரகசியம் வெளியே போய்விட்டது, எல்லாருடைய வேலைக்கும் உலை வைத்துவிட்டாய் என்றார். "சார், ஃபைல் காணாமப் போனப்பவே நான் ஒங்கள சந்தேகப்பட்டேன். இப்பவும் சந்தேகம் போகல," என்றாள் லிஜி. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறையிலிருந்து ஷம்மா என்ற அதிகாரி வந்தார். இளம்வயது, அபாயாவுக்குக் கீழே மலையேறுகிற பூட்ஸ். காண்ட்ராக்டர், சுற்றுலாக் கம்பெனி, சர்வே கம்பெனி மூன்று பேரையும் கற்களுக்கு முன்னால் நிறுத்தி, கல்லைச் சாய்த்தது யார் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது என்றார்கள் மூன்று பேரும். ஷம்மா யாரையும் திட்டவில்லை. படம் மட்டும் போதாது, பழைய குழியைப் பார்த்த ஆள் வந்து காட்டாவிட்டால் இந்தக் கல்லை நம்பி இங்கே வைத்திருக்க முடியாது, எடுத்துக் கிடங்கில் போட்டுவிடுவேன், மற்ற ஆறைச் சுற்றியும் முழுக்கத் தோண்டிப் பார்ப்பேன், அதுவரை எல்லா வேலையும் நிற்கும் என்றார்.

வேலமரத்தடியில் நின்ற பிக்கப்பின் கதவு திறந்தது. வீரபாண்டி கற்களை நோக்கி வந்தார். மூன்று வருஷத்தில் அவர் அவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் சொன்னார். லிஜி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

"மேடம், மேரா ஹாத் ஸே கிரா," என்றார், தன் கையால்தான் விழுந்தது என்று பாதி இந்தியும் பாதி தமிழுமாக. "குழி எங்கன்னு எனக்குத் தெரியும். மே திகாவுங்கா."

காலால் ஒரு இடத்தைக் கோடு கிழித்துக் காட்டினார். லிஜி வரைபடத்தைப் பார்த்தாள். பழைய செவ்வகம் சரியாக அங்கேதான் இருந்தது.

அங்கே மூன்று நாள் தூரிகையால் தோண்டினார்கள். மேல்மண் கலைந்திருந்தது. ஒரு முழத்துக்குக் கீழே கல்லைத் தாங்க வைத்த சிறு கற்கள், யாரோ வைத்த அதே ஒழுங்கில், ஒரு பக்கம் கலையாமல் இருந்தன. ஷம்மா அவற்றைப் பார்த்தபோது முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கல்லைத் திரும்ப அதன் இடத்தில் இறக்குகிற நாளில் கிரேன்காரருக்குக் கைகாட்டியது வீரபாண்டி. அவரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஷம்மாவே கேட்டிருந்தார். அனந்தகிருஷ்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளம் வடமேற்குக்குத் திரும்பியது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தத் திசையில் எந்த நட்சத்திரம் இறங்கியது என்று யாரோ கேட்டார்கள். "இனிமே நான் அவசரப்பட மாட்டேன்," என்றார் அவர்.

சுற்றுலாக் கம்பெனி திறப்புவிழாவை ரத்து செய்யவில்லை. அழைப்பிதழில் 'சூரியக் கல் தரிசனம்' என்று இருந்ததை 'மலையில் ஒரு காலை நடை' என்று மாற்றி அடித்தது.

ஆள் தானே முன்வந்து ஒப்புக்கொண்டார், உதவி செய்தார், வழக்கு வேண்டாம் என்று ஷம்மா எழுதினார். அந்தத் தாளின் நகலை வீரபாண்டி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார். ஆனாலும் மார்ச்சில் அவருடைய விசா முடிந்தபோது காண்ட்ராக்டர் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. ஜெய்னுலாப்தீன் அந்தக் காண்ட்ராக்டரோடு அந்த மாதம் இரண்டுமுறை சாப்பிடப் போனதை லிஜி பார்த்திருந்தாள். அதைப்பற்றி அவரிடம் நேராகவே கேட்டாள். "எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா," என்றார். நிஜமாகவும் இருக்கலாம். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு குவைத் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஃபஹாஹீலில் மச்சினன் மூலமாக மறுபடியும் ஜேசிபி வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார் வீரபாண்டி. வெயில்தான் தாங்கவில்லையாம். விஜி பரீட்சை எழுதிவிட்டாளாம்.

"எம்மேல கோவம் இல்லையா அண்ணே?" என்று கேட்டாள் லிஜி.

அவர் உடனே இல்லை என்று சொல்லிவிடவில்லை.  பின்னால் யாரோ யல்லா, யல்லா என்று கூப்பிடுவது கேட்டது.

"ஊருக்குப் போயி ரெண்டு மாசம் இருந்தேன்ல, அப்பல்லாம் இருந்துச்சுக்கா," என்றார். "ஆனா ராத்திரி நல்லாத் தூங்குறேன். சரி, வெச்சுறட்டுமா? கூப்புடுறாக."

லிஜி போனை வைத்துவிட்டு, அன்றைக்குச் சரிபார்க்கவேண்டிய படத்தைத் திறந்தாள்.